மதிப்பெண் குறைந்தால் எம்.பி.எச். கிடைக்காதா?

பட்டப்படிப்பில் 56 சதவீதம், போராடி முடித்த நான்கைந்து அரியர், மனதில் பொதுச் சுகாதாரம் படிக்கும் ஆசை. இப்படி ஒரு பிள்ளை தி.நகரிலோ அடையாறிலோ ஒரு கன்சல்டன்சியின் படியேறினால், "மார்க்கைப் பத்திக் கவலையே படாதீங்க" என்ற ஆறுதல்தான் முதலில் காதில் விழும். அதைச் சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. இருக்கிற மதிப்பெண்ணோடு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று வழிகாட்டுபவர் ஒருவர். அந்த மதிப்பெண்ணையே மறைத்துத் தருகிறேன் என்று பணம் வாங்குபவர் இன்னொருவர். இரண்டாமவரிடம் சிக்கிய பிள்ளைக்குப் பணத்தோடு படிப்பும் விசாவும் பெயரும் போய்விடலாம். மறைக்காமலே சேர வழி இருக்கும்போது அந்த ஆபத்துக்குள் எதற்காகப் போக வேண்டும்?

எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம் இந்தியாவுக்கு வந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1997இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம்தான் இதை முதலில் தொடங்கியது. அதே நிறுவனத்தின் பட்டத்துக்கான படிப்பைச் சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்துகிறது. போரூரிலும் காட்டாங்குளத்தூரிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.எச். இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் படிக்கலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒரு துறை உண்டு. மருத்துவர்களுக்கு மட்டுமான படிப்பு என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பல நிறுவனங்கள் பல் மருத்துவம், செவிலியம், சித்தா, ஆயுர்வேதம் முடித்தவர்களையும், சில இடங்களில் உயிரியல், சமூகப்பணிப் பட்டதாரிகளையும் எடுத்துக்கொள்கின்றன.

நம் ஊர்ச் சேர்க்கையில் மதிப்பெண்ணின் வேலை பெரும்பாலும் வாசலோடு முடிந்துவிடுகிறது. குறைந்தபட்சம் 50 அல்லது 55 சதவீதம் என்று ஒரு கோடு இருக்கும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குப் பல இடங்களில் தளர்வும் இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டியவர்களை நுழைவுத்தேர்வும் நேர்காணலும் பிரிக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பி.ஜி. தேர்வில் தரவரிசையைத் தீர்மானிப்பது அந்தத் தேர்வில் எடுக்கும் மதிப்பெண். பட்டப்படிப்பில் 56 வாங்கியவர் 86 வாங்கியவரை அங்கே முந்தலாம். விண்ணப்பிக்கும் முன் தகவல் கையேட்டை வரிவரியாகப் படியுங்கள். இடங்கள், கட்டணம், தகுதி, தேர்வு முறை எல்லாம் அடங்கிய கையேட்டைச் சேர்க்கை தொடங்குவதற்கு 60 நாட்களுக்கு முன்பே இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு விதி. சி.ஜி.பி.ஏ.வை நீங்களாகப் பத்தால் பெருக்கிச் சதவீதம் எழுதாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் சூத்திரம் வேறாக இருக்கலாம். அதற்கான மாற்றுச் சான்றிதழை அங்கேயே வாங்கிவிடுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் தகுதியுள்ள விண்ணப்பமும் நிராகரிக்கப்படலாம்.

குறைந்த மதிப்பெண் சரியான மதிப்பெண்தானா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. மறுகூட்டல், மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் இவற்றுக்குக் கெடு உண்டு. முடிவு வந்த அன்றே அந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தப்பட்ட விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2011இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லோரும் முழுத்தாளை மீண்டும் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மதிப்பெண்ணில் 55ஐத் தவறவிட்டவர் அவசியம் கேட்க வேண்டும்.

அடுத்து, மதிப்பெண் பட்டியல் சொல்லாததை வேறு எதைக் கொண்டு சொல்வது என்ற கேள்வி. இங்கே நம் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பொதுச் சுகாதாரத்தின் முதுகெலும்பு நோய்ப்பரவலியலும் உயிரியல் புள்ளியியலும். நேர்காணலில் உட்காரும் பேராசிரியருக்கு உங்கள் மொத்தச் சதவீதத்தைவிட, இந்தப் பாடத்தைத் தாங்குவீர்களா என்பதுதான் கவலை. ஐ.ஐ.டி. மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்ட என்.பி.டெல். இணையவழிக் கல்வித் தளத்தில், அயப்பாக்கம் நிறுவனமே சுகாதார ஆய்வின் அடிப்படைகளைக் கற்பிக்கும் படிப்பை வழங்கியிருக்கிறது. அந்தத் தளத்தில் பாடம் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். அதில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால், மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியலில் தவறியது பழைய கதை என்று நீங்களாக வாதாட வேண்டியிருக்காது.

அதைவிடக் கனமான சான்று களப்பணி. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தையே பாருங்கள். நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகிறது என்று 1950களின் இறுதியில் உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அங்கே நடந்ததுதான். வீடு வீடாகப் போனவர்கள் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. இன்றும் இத்தகைய நிறுவனங்கள் ஆய்வுத் திட்டங்களுக்குக் களப் புலனாய்வாளர்களையும் தரவுப் பதிவாளர்களையும் தற்காலிகமாக எடுக்கின்றன. அறிவிப்பு அவர்களது இணையதளத்திலேயே வரும். மயிலாப்பூரை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் கரையில் ஓராண்டு கணக்கெடுத்தவர், கொசுவைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் நேர்காணலில் பேசுவதற்குத் தனி எடை உண்டு. இந்த ஓராண்டு வீணாகாது என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நோக்கக் கடிதத்தில், அதாவது எஸ்.ஓ.பி.யில், குறைந்த மதிப்பெண்ணைப் பற்றி நான்கு வரி போதும். அப்பா இறந்தது, டெங்குவில் ஒரு செமஸ்டர் போனது, மாலை வேலைக்குப் போய்ப் படித்தது என்று எது உண்மையோ அதை எழுதி, அதன் பிறகு என்ன மாறியது என்பதையும் சேருங்கள். சொல்லாமல் விட்டால் படிப்பவர் தானாக ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். அமெரிக்காவின் பல எம்.பி.எச். படிப்புகளுக்கு சோஃபாஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம். படித்த எல்லாக் கல்லூரிகளையும் அதில் காட்டியாக வேண்டும். இந்திய மதிப்பெண்களைப் பாடவாரியாக டபிள்யு.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்டு அனுப்பும். இதில் அரியரை மறைக்க வழியில்லை. கடைசி ஆண்டில் நீங்கள் தேறி வந்திருந்தால் அதுவும் அப்படியே தெரியும் என்பது நல்ல செய்தி. அங்கே பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது செஃப் என்ற அமைப்பு. அதன் பட்டியலில் இல்லாத கல்லூரியின் ஆஃபர் லெட்டரை ஏஜென்ட் நீட்டினால், ஏன் என்று கேளுங்கள். பல ஏஜென்டுகளுக்கு வெளிநாட்டுக் கல்லூரிகள் மாணவர் தலைக்குக் கமிஷன் தருகின்றன. எந்தெந்தக் கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறீர்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஜெமினி அருகே அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை கிடைக்கிறது. எந்தக் கல்லூரியின் கமிஷனுக்காகவும் அவர்கள் பேசுவதில்லை என்பதே அதன் பெரிய பலம்.

போலி அனுபவச் சான்றிதழ், திருத்திய மதிப்பெண் பட்டியல், பேராசிரியர் பெயரில் வேறொருவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் இவற்றைச் சர்வசாதாரணமாகப் பேசும் ஏஜென்டுகள் உண்டு. 2023இல் கனடாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஏஜென்ட் கொடுத்த ஆஃபர் லெட்டர் போலி என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்து, படித்து முடித்து வேலைக்கே போய்விட்ட பஞ்சாப் மாணவர்கள் நாடுகடத்தலை எதிர்கொண்டு தெருவில் போராடினார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில், பொய் ஆவணம் காட்டி விசா கேட்டவருக்கு வாழ்நாள் முழுக்க நுழைவு மறுக்கப்படலாம். இங்கேயும் போலி ஆவணத்தை உண்மையென்று கொடுப்பது குற்றம். கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

உள்ளூரிலும் சில பொறிகள் இருக்கின்றன. "மேனேஜ்மென்ட் சீட், ரசீது கிடையாது" என்றால் அது நன்கொடை. தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. ஆன்லைன் எம்.பி.எச். என்றால், அந்தப் படிப்புக்கு அந்தக் கல்வியாண்டில் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. வெளியிடுகிறது. "முடித்தவுடன் அரசு சுகாதார அதிகாரி ஆகலாம்" என்ற வாக்குறுதியை மட்டும் நம்பாதீர்கள். 1939இலேயே நாட்டின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் இது. ஆனால் சுகாதார அதிகாரிப் பதவிகள் இங்கே மரபாக மருத்துவர்களுக்கானவை. மற்றவர்களுக்கு ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களின் ஒப்பந்தப் பணிகள் இருக்கின்றன. நல்ல வேலைகள்தான், ஆனால் தெரிந்து போக வேண்டும்.

அவசரத்தில் ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டு, நல்ல இடம் கிடைத்து விலகினால், கட்டணத்தைத் திருப்பித் தர விதி இருக்கிறது. 2024-25க்கு யு.ஜி.சி. செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத்தொகை, அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம் என்று அறிவித்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிணையாக வைத்திருக்கக் கூடாது. மறுத்தால், முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். 15 வேலைநாட்களில் அது அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யு.ஜி.சி.யின் இ-சமாதான் என்ற புகார்த் தளமும் இருக்கிறது.

கன்சல்டன்சி ஏமாற்றினால் பாதை வேறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். தென்சென்னையில் வசிப்பவர், ஏஜென்டின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், சென்னை தெற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பெரிய மோசடி என்றால் வேப்பேரி மத்திய குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். இதற்கெல்லாம் ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல் கையில் இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் சான்று தேடி அலைய நேரும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் 15100ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த உதவியைப் பெற வருமான வரம்பு கிடையாது.