வங்கி ஏலத்தில் கார் வாங்கப் போறீங்களா? விலையை விட ஆர்.சி.தான் முக்கியம்... ஏன் தெரியுமா?

தவணை கட்டாததால் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பறிமுதல் செய்யும் கார்கள் ஏலத்துக்கு வருவது வழக்கம். வெளியே விற்கும் விலையை விட குறைவாக கிடைக்கும் என்பதால் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆனால் விலை குறைவதற்கு ஒரு காரணம் இருக்கு. இந்த ஏலங்களில் கார் 'உள்ளது உள்ளபடி' விற்கப்படும். பிறகு என்ன கோளாறு தெரிய வந்தாலும் செலவு வாங்கியவர் தலையில்தான்.

ஏலம் எப்படி நடக்கும்?

முதலில் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். ஏலம் கிடைக்கலைன்னா அந்தப் பணம் திரும்ப வந்துவிடும். ஏலம் எடுத்துவிட்டு மீதியை கெடுவுக்குள் கட்டாவிட்டால், முன்பணம் போனதுதான்.

என்ன பார்க்கணும்?

கார் நிற்கும் யார்டுக்கு தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விட மாட்டார்கள். மாதக்கணக்கில் நின்ற கார் என்றால் பேட்டரி, டயர் செலவை கணக்கில் சேர்த்துக்கோங்க. இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் ஆர்.சி. விவரத்தோடு ஒத்துப்போகணும். பரிவாகன் இணையதளத்தில் இன்சூரன்ஸ் தேதி, கடன் விவரம், நிலுவையில் உள்ள அபராதம் ஆகியவற்றை பார்க்கலாம்.

பெயர் மாற்றத்தில் என்ன சிக்கல்?

ஆர்.சி. பழைய உரிமையாளர் கையிலேயே இருக்கலாம். அவர் தர மறுத்தால், நிதி நிறுவனம் படிவம் 36 மூலம் தன் பெயரில் புதிய ஆர்.சி. கேட்டு ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளருக்கு விளக்கம் தர வாய்ப்பு கொடுத்த பிறகே அது கிடைக்கும். அதற்குப் பிறகுதான் படிவம் 29, 30 கொடுத்து வாங்கியவர் பெயருக்கு மாற்ற முடியும். கடனை நீக்க படிவம் 35-ம் தேவை. அதனால் இந்த ஆவணங்களை யார், எப்போது தருவார்கள் என்பதை பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிடுங்க.

போலீஸ் ஏலத்தில் எடுத்தால்?

மதுவிலக்கு வழக்கு போன்றவற்றில் சிக்கிய வாகனங்களை அரசே ஏலம் விடும். அப்படி வாங்கினால், வண்டி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படிவம் 32-ல் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்சூரன்ஸை மறக்காதீங்க!

பழைய பாலிசி உயிரோடு இருந்தால், உரிமை மாறிய 14 நாட்களுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாமல் விட்டால், உங்கள் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. பாலிசி காலாவதி ஆகியிருந்தால், புதுசு போடாமல் காரை ரோட்டில் இறக்கவே கூடாது.

பழுது, வரி, அபராதம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எந்த விலையோடு நிறுத்துவது என்று ஏலத்துக்கு முன்பே முடிவு செய்வதுதான் நல்லது.