புளியில் குளித்த காலணா

மாத்தூர், மணலிப் பக்கத்து வீடுகளில் முன்பெல்லாம் குத்துவிளக்கு துலக்கும் நாளில் பூசையறைக் காசுகளுக்கும் சேர்த்தே குளியல் நடக்கும். செம்புக் காலணாவுக்குப் புளியும் உப்பும், விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய்க்கு விபூதி. பிறகு பிராசோ வந்தது, பற்பசையும் வந்தது. இந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு செம்பில் களிம்பு ஏற்றும்; ஆலைப்புகையில் கலந்த கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

துலக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. சாமி முன்னால் வைக்கும் காசு அது. அவசரத்துக்குச் சேட்டுக் கடையில் போட்டாலும் எடைக்குத்தான் விலை: 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ராணியின் முகம் மழுங்கியிருந்தால் என்ன?

இன்று சேகரிப்பாளர் முதலில் பார்ப்பதே அந்த முகத்தைத்தான், அதுவும் லென்ஸ் வைத்து. அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடுவதால் காசில் நுண்ணிய வரிகள் விழுகின்றன. புதுக்காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரமாகச் சுழல்வது அவற்றால்தான். பற்பசை அந்த வரிகளை மழித்துவிட்டுத் தன் கீறல்களை விட்டுப்போகும். புளியின் அமிலமோ செம்பின் மேல்தோலைக் கரைத்து, பழங்காசுக்கு ஒவ்வாத இளஞ்சிவப்பைத் தரும். 1980களின் நடுவில் கிளம்பிய அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள் காசுக்கு 70 வரை மதிப்பெண் போடுகின்றன. மோசமாகத் துலக்கிய காசுக்கு மதிப்பெண்ணே இல்லை, 'துலக்கப்பட்டது' என்ற குறிப்புதான். அரிய ஆண்டுக் காசானாலும் விலை சரிந்துவிடும்.

சைவ சித்தாந்தம் ஆணவத்தைச் செம்பில் ஏறிய களிம்பு என்கிறது. திருவொற்றியூர்க் கோயில் நிழலில் வளர்ந்தவரிடம் போய்க் 'களிம்பை விட்டுவையுங்கள்' என்றால் சித்தாந்தமே தடுமாறும்! ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்தது செம்புக்குக் காப்பு. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வது குளோரைடின் வேலை. ஈரம் இருக்கும்வரை உள்ளே அரித்துக்கொண்டே போகும். புளியோடு உப்பையும் சேர்த்துத் தேய்த்தவர்கள் தெரியாமலே அதற்குத் தீனி போட்டார்கள்.

அதற்காகக் காசைத் தொடவே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மண்ணும் துருவும் மூடிய சங்ககாலச் செப்புக்காசு வெறும் பச்சைக் கட்டி. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிப்படுத்திய, 'பெருவழுதி' என்று பொறித்த காசு போன்றவற்றில் எழுத்தைப் படிக்க வேண்டுமானால் மேலோடு நீங்கியாக வேண்டும். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் 1930களிலேயே மின்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளின் துருவை நீக்கினார்.

இன்றைய பிள்ளைகள் காசைத் தேய்ப்பதில்லை, ஆல்பத்தில் போட்டுக் கெடுக்கிறார்கள். மலிவான பி.வி.சி. உறை நம்மூர் வெக்கையில் இளகிப் பச்சைப் பிசினைக் கசியவிடும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்துப் போக்கிவிடலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகாது; அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.