தாத்தாவின் ஈறும் முள்ளம்பன்றியின் உளியும்

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறார். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களின் அடிப்பட்டை முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் போயிருக்கிறது. காவல்காரர் மிளா என்கிறாராம், பக்கத்துத் தோட்டக்காரர் யானை என்கிறாராம். கைபேசிச் செயலி ஒன்றோ காட்டுப்பன்றி என்று புள்ளி வைத்த சதவீதத்தோடு அடித்துச் சொல்கிறதாம். "எதை சார் நம்புறது?"

செயலியை நம்ப வேண்டாம். மரத்தை நம்புங்கள். பட்டையை உரித்தவர் யாராக இருந்தாலும் பல்லின் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போயிருப்பார்.

பொங்கலன்று கரும்பு தின்னும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்வரிசை முன்பற்கள் போய்விட்ட தாத்தா, கீழ்ப்பல்லைத் தோலில் பதித்து, மேல் ஈற்றால் அழுத்திக்கொண்டு தலையை வெடுக்கென்று தூக்குவார். தோல் நாராகக் கிழியும், மேல்நுனி பிசிறடித்துத் தொங்கும். மிளா, புள்ளிமான், காட்டுமாடு எல்லாம் தாத்தா கட்சிதான். பிறந்ததிலிருந்தே அவற்றுக்கு மேல் முன்பற்கள் கிடையாது, காய்ப்பேறிய ஈறு மட்டும்தான். அதனால் காயத்தின் கீழ்விளிம்பு வெட்டுப்பட்டதுபோலவும் மேல்விளிம்பு கிழிந்தும் இருக்கும். யானை, கரும்பை முழங்காலில் வைத்து முறித்துக் கையாலேயே தோலை இழுக்கும் மாமா. தந்தத்தால் குத்தித் தும்பிக்கையால் இழுப்பதால், நம் தலைக்கு மேலேயும் நீள நீளமாகப் பட்டை போயிருக்கும். கொம்பில் காய்ந்த தோலை உரசிக் கழிக்கும் ஆண் மிளாவை, கரும்புக் கட்டில் முதுகு சொறியும் சித்தப்பா என்று சொல்லலாம். அவர் எதையும் தின்பதில்லை, மெல்லிய தண்டுகளைச் சிராய்த்துவிட்டுப் போய்விடுவார். பாட்டி எந்த விலங்கு என்று தயவுசெய்து கேட்டு எழுத வேண்டாம்.

மிச்சம் இருப்பவன், புதுப்பல் முளைத்த பேரன், முள்ளம்பன்றி. படத்தில் இருப்பது அவன் வேலைதான். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவன் பல்லுக்காக.

முள்ளம்பன்றி பன்றியல்ல, எலியின் உறவு. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். சாணை பிடிக்க ஆளில்லாத காட்டில் அவை மழுங்காமல் இருப்பது எப்படி? பல்லின் முன்முகத்தில் மட்டும்தான் கடினமான எனாமல் பூச்சு உண்டு. பின்பக்கம் வெறும் டென்டின், கொஞ்சம் மெத்து. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்கிறது, முன்பக்கம் தங்கிவிடுகிறது. விளைவு, சரிவாகத் தீட்டிய உளி. வேலை செய்வதே சாணை பிடிப்பதாக அமைந்த கருவி எந்தத் தச்சரிடமும் இல்லை. எலியின் பல் மஞ்சளாக இருப்பது அழுக்கால் அல்ல, எனாமலில் கலந்த இரும்பால்.

இந்த உளி வேலை செய்யும் விதமும் அழகு. மேற்பற்கள் மரத்தில் ஊன்றிக்கொள்ள, கீழ்ப்பற்கள் சுரண்டி எடுக்கும். அதனால் கட்டையின்மேல் இரட்டை வாய்க்கால்போலக் குட்டையான தடங்கள் பக்கம் பக்கமாக விழும். பிசிறே இருக்காது. எலியின் தடமும் இதே சாயல்தான், ஆனால் ஒரு பல்லின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். முள்ளம்பன்றியுடையது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

வாசகரின் இரண்டாவது படத்தில் மரம் பச்சையாகவே நிற்கிறது. அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். போனது இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் வழி. தண்ணீர் ஏறும் வழி கட்டைக்குள் பத்திரமாக இருப்பதால் இலை வாடாது. வேர் பட்டினி கிடந்து சாகும்வரை மேலே செழிப்பு நாடகம் நடக்கும்.

மரம் குறைந்ததற்கு எந்த விலங்கு காரணம் என்று எண்ணிக் கண்டுபிடித்த வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பத்தி. 1988இல் முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் சகாக்களும் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டைக்கூட விடாமல் 25,000க்கு மேற்பட்டவற்றைக் குறித்தார்கள். அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் கிடியா காலிசினா என்ற, வெண்டைக்காய்க் குடும்பத்து மரம் மளமளவென்று குறைந்தது. முக்கியக் காரணம் யானை. தண்டு தண்டாக எண்ணியதால்தான் அது தெரியவந்தது.

இணையத்தில் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முள்ளம்பன்றி மர உச்சியில் பட்டை தின்னும் என்று ஆங்கில வழிகாட்டிகளில் படிப்பீர்கள். அது வட அமெரிக்காவின் மரமேறி, வேறு குடும்பம். நம்முடையது தரைவாசி, அடிமரத்தோடு சரி. அந்த ஊர்ப் படத்தைப் பார்த்துப் பழகிய செயலி நம் ஊர் மரத்தடியில் திணறினால் அதன்மேல் பழியில்லை.

தாண்டிக்குடி வாசகரே, உங்கள் மரத்தைத் தின்றது முள்ளம்பன்றி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் விலங்கு அது, கண்ணி வைத்துவிடாதீர்கள். தப்பிய மரங்களுக்கு இடுப்பளவு கம்பிவலை சுற்றுங்கள். அடுத்த முறை படம் எடுக்கும்போது காயத்தின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், பல்லின் அகலத்தை நானே அளந்துகொள்வேன்.