வீட்டின் மூச்சை அளத்தல்

தென்னாட்டிலிருந்து தில்லிக்கும் அதற்கு வடக்கேயுள்ள ஊர்களுக்கும் வந்து குடியேறிய நம்மவர்களுக்கு முதல் மார்கழி கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. பிறந்த ஊரில் ஜன்னல் என்பது திறப்பதற்காக ஏற்பட்டது. இங்கோ அது அடைப்பதற்காகவே ஏற்பட்டதோ என்று எண்ணத் தோன்றும். இரவு கதவுகளையெல்லாம் தாழிட்டு ரஜாய்க்குள் புகுந்த பிறகும், எங்கிருந்தோ ஒரு குளிர்காற்று வந்து காதோரம் ஊசியாய்க் குத்தும். எழுந்து பார்த்தால் ஜன்னல் மூடியேதான் இருக்கும். ஆனால் கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி. நிலைச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நூலளவு விரிசல். முகட்டை ஒட்டிய வென்டிலேட்டரில் என்றோ உடைந்துபோன கண்ணாடி. பழைய புடவையைக் கிழித்துக் கதவடியில் திணிப்போம். செய்தித்தாளை மடித்து விரிசலில் செருகுவோம். உறக்கம் வந்துவிடும்.

இவ்வாறு அடைப்பது நன்றா என்று ஒருவர் கேட்டால் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில், அடைத்த அறைக்குள் அங்கீட்டியை மூட்டிவைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்தியை வடநாட்டுப் பத்திரிகைகளில் காண்கிறோம். கரிநெருப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்கிறது. உறங்குகிறவர் உணர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. குளியலறைகளில் மாட்டப்படும் கேஸ் கீசரும் இத்தகைய உயிர்ச்சேதத்தை விளைவித்ததுண்டு. ஆகவே வீட்டுக்குள் காற்று புகுகிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. எவ்வளவு புகுகிறது என்பதை அறியவேண்டும். அந்த ‘எவ்வளவு’ என்பதற்கு விடைகாணும் முறையைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம்.

காற்றின் கசிவைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது என்பது முதல் இடையூறு. அது நிலையாக இராது என்பது இரண்டாவது. பலத்த காற்று வீசும் நாளில் ஒரு சுவரின் விரிசல்கள் வழியே காற்று உட்புகும். எதிர்ச்சுவர் வழியே வெளியேறும். காற்றே இல்லாத குளிரிரவிலும் கசிவு நிற்பதில்லை. வீட்டினுள் சூடான காற்று இலேசானதாகையால் மேலெழும்பி முகட்டுத் துவாரங்கள் வழியே வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் கீழ்த் துவாரங்கள் வழியே குளிர்காற்று இழுக்கப்படுகிறது. புகைபோக்கியில் புகை ஏறுவதும் இதே விதிப்படிதான். முழு வீடுமே ஒரு புகைபோக்கியாக நடந்துகொள்கிறது எனலாம். நேற்று அளந்த கசிவு இன்றைக்குப் பொருந்தாது. என் வீட்டில் அளந்ததை உங்கள் வீட்டோடு ஒப்பிடவும் இயலாது.

இந்த இடையூறுகளை வெல்லும் சாதனம் ஸ்வீடன் நாட்டில் 1977-ஆம் ஆண்டை ஒட்டிப் பழக்கத்துக்கு வந்தது. முதலில் அது ஜன்னலில் பொருத்தப்பட்ட ஒரு விசிறி. பின்னர் அமெரிக்காவில், வாசற்கதவைத் திறந்துவிட்டு அந்த நிலையிலேயே துணித்திரையும் சட்டமும் கொண்டு விசிறியை இறுகப் பொருத்தும் முறை வந்தது. ‘புளோயர் டோர்’ என்பது அதன் பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சிறிது சங்கடம் தருவது. ‘ஊதுங்கதவு’ என்று பெயர்த்தால், அது பெரும்பாலும் ஊதுவதில்லை. வீட்டுக்காற்றை வெளியே உறிஞ்சித் தள்ளுகிறது. அது கதவுமன்று. பெயரைப் பெயரளவில் விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

விசிறி சுழன்று காற்றை வெளியேற்ற, வீட்டினுள் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைகிறது. அந்த வேறுபாடு 50 பாஸ்கல் ஆகும்வரை விசிறியின் வேகத்தைக் கூட்டுவார்கள். 50 பாஸ்கல் என்பது அச்சமூட்டும் அளவன்று. ஐந்து மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தந்தான். மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரின்மேல் மோதினால் என்ன அழுத்தம் உண்டாகுமோ, ஏறக்குறைய அதனை எல்லாச் சுவர்களின் மீதும் ஒருங்கே உண்டாக்குவதற்கு ஒப்பாகும். இயற்கையின் காற்றும் குளிரும் அன்றாடம் மாறினாலும், இந்தச் செயற்கை அழுத்தம் அவற்றைவிட வலிமையாதலால், அளவு ஏறக்குறைய ஒன்றாகவே அமையும். அந்த அழுத்தத்தை நிலைநிறுத்த விசிறி மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை வெளியேற்றுகிறதோ, அத்தனை கன மீட்டர் காற்று விரிசல்கள் வழியே உட்புகுகிறது என்பது கணக்கு.

ஒரு சிறு உதாரணம் கூறுவோம். தளம் 100 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள வீட்டில் 300 கன மீட்டர் காற்று அடங்கும். விசிறி மணிக்கு 1,500 கன மீட்டரை வெளியேற்றினால், அவ்வழுத்தத்தில் வீட்டுக்காற்று மணிக்கு ஐந்து முறை மாறுகிறது என்று பொருள். விரிசல்கள் யாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்தால், ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த பக்கமுள்ள சதுரத் துவாரம் கிடைக்கும். அப்படியொரு துவாரத்தை இரவும் பகலும் சுவரில் திறந்துவைத்திருப்பதாக வீட்டுக்காரரிடம் சொன்னால் ஒப்புக்கொள்வாரா? சாதாரண நாளில் அவ்வளவு அழுத்தம் இராதாதலால், சோதனையில் கண்ட எண்ணை இருபதால் வகுத்தால் இயல்பான மாற்றம் தோராயமாகக் கிடைக்கும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் ஒரு பழைய வழி. நமது உதாரண வீட்டில் அது கால் பங்கு; அதாவது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வகுக்கும் எண் ஊரின் தட்பவெப்பத்துக்கும் வீட்டின் உயரத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது. அதனைத் தராசு முனையாகக் கொள்ளலாகாது.

இச்சோதனை வருமுன்பே, அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பில் ஒரு புதிர் தோன்றியிருந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் ஆராய்ச்சி அங்கே முனைப்பாயிற்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் அவ்வீடுகளை ஆராய்ந்தபோது, கூரைப்பரண் வழியே வெளியேறும் வெப்பம், பாடநூற் கணக்கு கூறியதைவிட மிகப் பெரிதாயிருக்கக் கண்டனர். பரணின் தளத்தில் வெப்பத்தடைப் பஞ்சு பரப்பப்பட்டேயிருந்தது. பின் எவ்வழியே போகிறது? கௌதம் தத் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் பரணில் ஏறித் தேடினர். புகைபோக்கிக் குழாயைச் சுற்றியும் தடுப்புச்சுவர்களின் உச்சியிலும் இடைவெளிகள் இருந்தன. கீழ்த்தளத்துச் சூடான காற்று, பஞ்சை வாசல்வழியாகக் கேளாமல் கொல்லைப்புறமாகவே பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தது! எங்கும் ஜன்னலோரத்தையே குறைகூறிவந்த நாளில், கண்ணில் படாத இந்தச் சந்துகளே பெருங்குற்றவாளிகள் எனத் தெரிந்தது. பிற்பாடு விசிறிச் சோதனையும் கைவந்தபோது, வீட்டைச் சோதித்து அன்றே ஓட்டைகளை அடைத்துச்செல்லும் பணியாளர்களைப் பிரின்ஸ்டன் குழுவினர் பயிற்றினர். ‘வீட்டு வைத்தியர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். நாடி பார்த்த பிறகே மருந்து என்னும் முறை நம்மவர்களுக்குப் புதிதன்று.

கனடாவிலோ குளிர் இதனினும் கொடியது. 1977-இல் ரெஜைனா நகரில் ஹெரால்ட் ஓர் முதலிய பொறியியலறிஞர்கள், கசிவை மிகமிகக் குறைத்த ஒரு மாதிரி வீட்டைக் கட்டுவித்தனர். வழக்கமான வெப்ப உலை அதில் இல்லை. வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தை உட்புகும் புதுக்காற்றுக்கு மாற்றும் கருவி ஒன்றை வைத்தனர். அடைத்ததோடு நில்லாமல் மூச்சுக்கு வழியும் அமைத்தார்கள் என்பதே அவ்வீட்டின் சிறப்பு. பின்னாளில் ஜெர்மனியில் உருவான ‘பாஸிவ் ஹவுஸ்’ முறையில், 50 பாஸ்கலில் காற்றுமாற்றம் மணிக்கு 0.6 முறைக்கு மேற்படலாகாது என்று விதித்தார்கள். நமது உதாரண வீட்டுக்கு அது 180 கன மீட்டர் மட்டுமே.

இனிக் காற்றுக்குழாய்களுக்கு வருவோம். நம் நாட்டு வீடுகளில் இவை அரிது. அலுவலகங்களிலும் திரையரங்குகளிலும் உட்கூரைக்கு மேலே தகரக் குழாய்கள் ஓடுவதைக் கண்டிருப்போம். அமெரிக்க வீடுகளிலோ சூட்டையும் குளிர்ச்சியையும் அறைதோறும் கொண்டுசெல்வது இக்குழாய்களே. அங்குள்ள ‘எனர்ஜி ஸ்டார்’ என்னும் அரசாங்கத் திட்டத்தார், சாதாரண வீடொன்றில் குழாய்வழிச் செல்லும் காற்றில் 20 முதல் 30 சதவிகிதம் ஓட்டைகளாலும் மூட்டுக் கோளாறுகளாலும் வீணாகிறது என்று கணித்திருக்கின்றனர். குழாய் கொதிக்கும் பரணில் ஓடுமாயின், காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று பரணைக் குளிர்விக்கும். அதோடு தீராது. குளிர்காற்று பரணில் கொட்டக் கொட்ட, வீட்டினுள் காற்று குறைகிறது. குறைந்ததை ஈடுசெய்ய வெளியிலிருந்து வெப்பமும் ஈரமும் கலந்த காற்று ஒவ்வொரு விரிசலிலும் நுழைகிறது. ஃபுளோரிடா மாநிலத்தில் 1980-களின் இறுதியில் தொடங்கிய ஆராய்ச்சிகள் இந்த உண்மையைத் தெளிவாக்கின.

குழாயைச் சோதிக்கும் முறையில் ஓர் அழகிய உபாயம் உண்டு. அறைகளில் காற்று வெளிவரும் வாய்களையெல்லாம் ஒட்டி மூடி, சிறு விசிறி ஒன்றைக் குழாயோடு பொருத்தி 25 பாஸ்கல் அழுத்தம் ஏற்றினால், குழாயின் மொத்தக் கசிவு தெரியும். ஆனால் அதில் ஒரு பகுதி வீட்டுக்குள்ளேயே கசிவது. அதனால் நஷ்டம் பெரிதில்லை. வெளியே போகும் பகுதியைப் பிரித்தறிவது எப்படி? வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டினுள்ளும் அதே 25 பாஸ்கல் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். குழாய்க்கும் அறைக்கும் இப்போது அழுத்த வேறுபாடு இல்லையாதலால், இரண்டுக்கும் நடுவே காற்று ஓடாது. சிறு விசிறி இன்னும் எவ்வளவு காற்றைத் தள்ளவேண்டியிருக்கிறதோ, அவ்வளவும் வெளியே போவது! ஒரு வடிகட்டியும் இன்றி, அழுத்தத்தைச் சமன்செய்தே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துவிட்டார்கள். நாம் கலைப்பட்டதாரியேயாயினும், இதனை முதன்முதல் படித்த அன்று இரண்டாம் முறையும் படித்து மகிழ்ந்தோம்.

ஓட்டைகளை அடைப்பதிலும் ஒரு வேடிக்கை. குழாயின் பெயராலேயே வழங்கும் ‘டக்ட் டேப்’ என்னும் துணிநாடா இருக்கிறதே, அதனைக் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆராய்ச்சிச் சாலையில் மாக்ஸ் ஷெர்மனும் ஐயன் வாக்கரும் மற்ற ஒட்டுப்பொருள்களோடு வைத்துச் சோதித்தார்கள். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டபோது அதுவே விரைவில் தோற்றது. 1998-இல் முடிவை வெளியிட்டனர். பசைபோற் பூசும் மாஸ்டிக் நிலைத்து நின்றது.

அடைத்தபின் அளக்கவேண்டுவது மற்றொன்று. சமையலறை, குளியலறை விசிறிகள் யாவும் ஓடும்போது, இறுக அடைக்கப்பட்ட வீட்டின் அழுத்தம் தாழ்கிறது. புகைபோக்கியின் இயல்பான இழுப்பைவிட அத்தாழ்வு மிகுந்தால், மேலே போகவேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும். ஆகையால் பழகிய சோதனையாளர்கள் விசிறிகளையெல்லாம் ஓடவிட்டு, கதவுகளை மூடிப் பார்த்து, உலையும் வெந்நீர்க் கொதிகலனும் சரியாகப் புகை போக்குகின்றனவா என்று கண்டறியாமல் அவ்வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை. அங்கீட்டிக்கும் புகைபோக்கியில்லாத கீசருக்கும் இந்தச் சோதனைகூட வேண்டுவதில்லை. அவற்றின் புகை அறைக்குள்ளேயே விடப்படுகிறது. அடைத்த அறையில் அவற்றுக்கு இடமே கிடையாது.

தில்லியில் ஐப்பசி, கார்த்திகைப் புகைமூட்டத்துக்கு அஞ்சிக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்குகிறவர்களுக்கும் இக்கணக்கு பயன்படும். 36 கன மீட்டர் கொண்ட அறையில், மணிக்கு 200 கன மீட்டரைச் சுத்தம் செய்யும் கருவி ஓடுவதாகக் கொள்வோம். அறைக்காற்று மணிக்கு இருமுறை மாறினால், வெளியிலுள்ள தூசியில் ஏறக்குறைய கால் பங்கு உள்ளே நிற்கும். ஐந்து முறை மாறினால் அரைப்பங்குக்குச் சற்றே குறைவு. கருவி ஒன்றே, விரிசல்கள்தாம் வேறு.

விசிறிக் கதவுக்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். அதற்கு முற்பட்ட முறை ஒன்றுண்டு. தீங்கற்ற ஒரு வாயுவை அறையில் கலந்து, அது குறையும் வேகத்தைக் குறிப்பது. நம் மூச்சிலுள்ள கரியமிலவாயுவே அதற்குப் போதும். அதனை அளக்கும் சிறு கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. நான்கு பேர் மூடிய அறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிடவேண்டும். வெளிக்காற்றில் அவ்வாயு பத்து லட்சத்தில் 420-க்குச் சற்று மேலாக எப்போதும் இருப்பதால், முதலில் வெளியே அளந்து அதைக் கழித்துக்கொள்க. எஞ்சிய மிகுதி அரைப்பங்காகக் குறைய 42 நிமிஷம் ஆனால், காற்று மணிக்கு ஒருமுறை மாறுகிறது. 21 நிமிஷமானால் இருமுறை. 84 நிமிஷமானால் அரைமுறை.

நமது படுக்கையறையில் சென்ற ஜனவரியில் இவ்வாறு பார்த்தோம். புடவைத் துணியும் செய்தித்தாளும் நீக்கியபோது 15 நிமிஷம்; திணித்தபோது ஒன்றேகால் மணி. மறுநாளே வென்டிலேட்டருக்குப் புதுக் கண்ணாடி போடவந்த தச்சரிடம், அதனைத் திறந்து மூடும்படியாகக் கீலில் அமைக்கச் சொன்னோம். குளிரில் எதற்குப் பாபுஜி என்று கேட்டுவிட்டு, இருபது ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு போனார்.