படிக்க முடியாத எழுத்துகள்
ஓவியர் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்'

நவீன ஓவியம் ஒன்றின் முன் நிற்கும்போது நம்மில் பலருக்கும் எழும் முதல் கேள்வி, "இதில் என்ன வரைந்திருக்கிறது?" என்பதே. ஒரு பறவையோ முகமோ ஓரளவு தெரியும், மற்றவை விளங்கா. உருவம் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நிற்கும் இத்தகைய ஓவியங்களை அரை அரூப ஓவியங்கள் என்பர். சென்னையில் வாழ்ந்து அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரது 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை பிறந்த கதையில், பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போருக்கும் ஒரு செய்தி உண்டு.

தந்தித் துறையிலிருந்து தூரிகைக்கு

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில், கேரளத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். இளமையில் தந்தித் துறையில் பணியாற்றினார். பின்னர் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார்.

அவரது தொடக்ககால நீர்வண்ண ஓவியங்களில் கால்வாய்களும் தென்னைகளும் வயல்வெளிகளும் நிறைந்திருக்கும். கடைமடைப் பகுதியில் வாழும் நமக்கு அவற்றைப் புரிந்துகொள்ள விளக்கம் எதுவும் தேவையில்லை. 1954இல் ஐரோப்பா சென்று மேலை ஓவியங்களை நேரில் கண்டு திரும்பினார். நம் மண்ணுக்கே உரிய நவீன ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்னும் கேள்வி அவரை விடாது தொடர்ந்தது.

ஒரு கணக்கு நோட்டு

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1963ஆம் ஆண்டு வாக்கில் மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டது. எண்களும் ஆங்கில எழுத்துகளும் சூத்திரங்களும் கோடுகளும் பக்கத்தை நிறைத்திருந்த விதம் அவரை ஈர்த்தது. கணக்கின் பொருளை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தின் தோற்றத்தை மட்டும் அவர் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 52. கைவந்த பாணியைத் தொடர்ந்திருந்தாலே போதும் என்ற நிலையில், புதிய வழியில் அடியெடுத்து வைத்தார்.

முதலில் கணிதக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் ஓவியத்தில் இடம்பெற்றன. பிறகு அவற்றின் இடத்தில் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும், ஜாதகக் கட்டங்களும், கிரகக் குறிகளும், ஓலைச்சுவடியை நினைவூட்டும் நெருக்கமான கோடுகளும் வந்தன. வெளிர்நிறப் பரப்பில் இவை வரிசை வரிசையாக அமைய, இடையிடையே மீனும் பாம்பும் பறவையும் மனித உருவும் தலைகாட்டும். எழுத்துப் போல் தோன்றும் அவ்வரிகளை மலையாளம் அறிந்தவராலும் படிக்க இயலாது. படிக்கத் தொடங்கினால் பார்ப்பது நின்றுவிடும் என்பதால், சொல்லின் பொருளை நீக்கி வடிவத்தை மட்டும் நிறுத்தினார் என்று கொள்ளலாம்.

1966இல் தம் மாணவர்களுடனும் சக கலைஞர்களுடனும் சேர்ந்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று அக்கலைஞர்கள் வாழ்க்கையை நடத்தினர். 1977இல் மறையும் வரை பணிக்கர் இவ்வரிசையை விடாது வளர்த்துவந்தார்.

நம் கையில் உள்ள தாள்

போலகத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வரும் குடும்பத்தினர் பலருக்கு, இரத்தப் பரிசோதனை அறிக்கையும் ஏறக்குறைய இப்படியே தோற்றமளிக்கிறது. எண்கள், ஆங்கிலச் சுருக்கெழுத்துகள், தடித்த எழுத்துகள், அம்புக்குறிகள், நட்சத்திரக் குறிகள். அறிக்கை கைக்கு வந்த மாலைக்கும் மருத்துவரைக் காணும் காலைக்கும் இடைப்பட்ட இரவில், ஒரே ஒரு நட்சத்திரக் குறி வீட்டையே உறங்கவிடாமல் செய்துவிடுகிறது.

அக்குறியின் பொருளைச் சற்று விளக்குகிறேன். பெரும்பாலான பரிசோதனைகளில், நலமாக உள்ளவர்களில் 100க்கு 95 பேரின் அளவுகள் அடங்கும் எல்லையையே 'இயல்பு வரம்பு' என்று குறிக்கின்றனர். எஞ்சிய 5 பேர் நலமாக இருந்தும் வரம்புக்கு வெளியே நிற்பர். எனவே 20 பரிசோதனைகளை ஒருசேரச் செய்தால், நோயற்றவருக்கும் ஒன்றில் குறி விழுவது வியப்பன்று. அதேபோல, எல்லா எண்களும் வரம்புக்குள் இருப்பதனாலேயே நோய் இல்லை என்று உறுதி கூறவும் இயலாது. வயது, அறிகுறிகள், உட்கொள்ளும் மருந்துகள், முந்தைய அறிக்கைகள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் எண் பொருள் பெறுகிறது.

ஆகவே அறிக்கையை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். பழைய அறிக்கைகளையும் உடன் எடுத்து வாருங்கள். "இவற்றுள் எந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்? முன்பைவிடக் கூடியதா, குறைந்ததா? இனி நாங்கள் செய்ய வேண்டியது என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் போன்றவை இருந்தால் விடியும் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். முதியவரிடம் அறிக்கையை மறைக்க எண்ணும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் அறிய விரும்பினால், அவரையும் அருகில் அமர்த்திக்கொண்டே பேசுவோம்.

மேல்சிகிச்சைக்காகச் சென்னை செல்வோர், உடல்நிலை இடம் கொடுத்தால், சோழமண்டலத்தின் ஓவியக் காட்சியகத்தில் சிறிது நேரம் செலவிடலாம். அங்கே எதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அறிக்கையைப் பொறுத்தவரை, அதைப் படித்து உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வது எங்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை.