கட்டுமரமும் இரட்டைக் குழாய்த் தெப்பமும்

பிறமொழிகளுக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் எவையெனக் கேட்டால் மாணவர் முதலிற் கூறுவது கட்டுமரம். சுருட்டும் மிளகுதண்ணீரும் அதன்பின் வரும். ஆங்கில அகராதிகளும் ‘கற்றமரான்’ என்னுஞ் சொல் தமிழிலிருந்து வந்ததென்றே கூறும். ஆயினும், இன்று அப்பெயரால் அழைக்கப்படும் கலத்தை நம் கரையோரத்து மீனவர் ஒருவருக்குக் காட்டினால், “இதிலே கட்டு எங்கே இருக்கிறது?” என்றே கேட்பார். இரண்டு உடல்களை ஒரு தளத்தால் அசையாது இணைத்த கலமே இன்றைய கற்றமரான். பெயர் நம்முடையது, அதன் உயிரான கட்டு அங்கே இல்லை.

இச்சொல்லை இலக்கண நோக்கிற் பார்ப்போம். கட்டு என்னும் வினைப்பகுதி மரம் என்னும் பெயரோடு தொக்கு நிற்பதால் இதனை வினைத்தொகையாகக் கொள்ளலாம். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் இது விரியும். இலக்கணம் கூறும் இவ்விரிவு மீனவர் தொழிலோடு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. மூன்று முதல் ஏழு வரையான மென்மரங்களைச் செதுக்கி, அருகருகே வைத்து, கயிற்றால் வரிந்து கட்டுவர். மரங்களின் இடுக்குவழியே கடல்நீர் ஏறும், ஏறியவாறே வடியும். ஆதலால் அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். நீரூறிய மரம் பாரமாகும் அன்றோ? அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டுவர். நேற்றுக் கட்டியது, இன்று கட்டுவது, நாளை கட்டப்போவது என்னும் மூன்றும் ஒரு பெயருள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் பெயர் பொருள் மாறிய வரலாறும் அறியத்தக்கது. வில்லியம் டம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பயண நூலிற் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிடுகின்றார். அங்கே சொல்லும் பொருளும் ஒன்றியே நின்றன. பின்னர், இலங்கையில் வாழ்ந்த ஆங்கிலேயர், ஒருபக்கம் மிதவைக் கட்டை பூட்டிய சிங்கள மீனவரின் ஒருவ என்னும் தோணியையும் இப்பெயராலேயே அழைத்தனர். கொழும்புத் துறையைக் காட்டும் பழைய அஞ்சலட்டைப் படங்களில் இதனைக் காணலாம். இரட்டையுடற் கலங்களை ஐரோப்பியர் வேறு வழியாகவும் ஆராய்ந்து வந்தனர். 1662இல் டப்ளின் நகரில் வில்லியம் பெற்றி அத்தகைய கலமொன்றை அமைத்தார். 1876இல் அமெரிக்கரான நதானியல் ஹெரஷொவ் அமைத்த ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடற் பாய்ப்படகு நியூயோர்க் போட்டியில் ஏனைய படகுகளை முந்தியது. அதன் அமைப்பே வேறு என்று கூறி அதனை விலக்கிவிட்டனர். காலப்போக்கிற் கற்றமரான் என்னும் பெயர் இவ்வகைக் கலங்களுக்கே உரியதாயிற்று.

இவ்வாறு பெயரைப் பெற்ற கலம் கட்டை இழந்திருக்க, அப்பெயரைப் பெறாத சிறுகலமொன்று கட்டைக் காத்து நிற்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் கனடாவிலும், ஆறுகளிலும் ஏரிகளிலும் தனியொருவர் அமர்ந்து மீன்பிடிக்கும் இரட்டைக் குழாய்த் தெப்பமே அது. அதனைப் ‘பொன்ரூன்’ என்பர். பாலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. அவர்கள் கையாளும் முறை ஈத்தூண்டில். உண்மையான இரையைக் கோக்காமல், இறகையும் மயிரையும் நூலால் முள்ளிற் கட்டி ஈயைப்போற் செய்து, அதனை நீர்மேல் எறிவர். அப்பொய்யீக்குப் பாரமே இல்லை. தடித்த தூண்டிற் கயிற்றின் பாரமே அதனைத் தூரத்துக்குக் கொண்டு செல்லும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் நம் மலைநாட்டு நீரோடைகளில் ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டதும் இவ்விளையாட்டின் பொருட்டே.

அத்தெப்பத்தை ஆயத்தஞ் செய்யும் முறையை நோக்குவோம். உறுப்புகள் சில: ஏறத்தாழ 7 அடி முதல் 9 அடி வரை நீளமுள்ள காற்றுக் குழாய்கள் இரண்டு, உலோகச் சட்டம் ஒன்று, இருக்கை, துடுப்பு இரண்டு, சிறு நங்கூரம். முதலிற் குழாய்களிற் காற்றை நிரப்புவர். வெயிலிற் காற்று விரியும். குளிர்ந்த நீரிற் சுருங்கும். ஆகவே கரையிற் கல்லென இறுகும்வரை நிரப்பிவிட்டு வெயிலிற் கிடக்க விடுதல் ஆகாது. நீரில் இறக்கியபின் தளர்ந்திருந்தால் மீண்டும் சிறிது ஊதவேண்டும். இரு குழாய்களுக்கும் காற்றறை வேறு வேறாதலால், ஒன்று துளைபட்டாலும் மற்றையது கைகொடுக்கும்.

அடுத்தது கட்டு. சட்டத்தைக் குழாய்களின்மீது வைத்து வார்களால் வரிந்து இறுக்குவர். இரு குழாய்களும் ஒன்றற்கொன்று முன்பின் விலகாமல் நேராக இருத்தல் வேண்டும். இல்லையேல் தெப்பம் ஒருபக்கம் இழுக்கும். இருப்பவரின் பாரம் நடுவே விழும்படி இருக்கையை நகர்த்தி, பின்னே வைக்கும் பொருள்களைக்கொண்டு சமன்செய்வர். இருக்கை உயர்ந்தால் தூண்டில் எறிதல் எளிதாகும். ஆனால் கவிழும் அச்சமும் உயரும். நீரில் இறங்கிச் சற்றுநேரம் சென்றபின் வார்களை மறுபடியும் இறுக்குவது அறிந்தோர் வழக்கம். ஒருமுறை கட்டினால் முடிந்தது என்று அவர்கள் எண்ணுவதில்லை.

ஆற்றிலே இருப்பவர் நீரோட்டம் செல்லும் திசையை நோக்கி அமர்வர். பாறை எதிர்ப்பட்டால் தெப்பத்தின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, அதனை நோக்கிச் சாய்த்துவைத்துப் பின்னோக்கித் துடுப்பு வலிப்பர். ஆபத்தைக் கண்ணாற் பார்த்துக்கொண்டே அதனின்றும் விலகும் முறை இது. நங்கூரம் பின்பக்கத்தே தொங்கும். வேகமான ஓட்டத்தில் அதனை இறக்குதல் தகாது. ஓட்டம் பின்பக்கத்தை அமிழ்த்திவிடும். நங்கூரக் கயிற்றைக் கணப்பொழுதில் விடுவிக்கவும் இயலவேண்டும். இறுகக் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. விரைந்து அவிழ்க்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். உயிர்காப்பு அங்கியின்றி எவரும் இதில் ஏறலாகாது.

ஈத்தூண்டிலுக்கென அமைக்குந் தெப்பத்திற் கருத்தில் வைக்கவேண்டியது இன்னுமொன்று உண்டு. எறிவதற்கு முன் தூண்டிற் கயிறு சுருள்சுருளாக மடிமேற் கிடக்கும். நீட்டி நிற்கும் ஆணி, கொக்கி, வாரின் நுனி ஆகிய எல்லாம் அதனைப் பற்றிக்கொள்ளும். ஆதலால் மடிமேல் ஒரு துணியை விரித்து, எஞ்சிய வார்நுனிகளை உள்ளே செருகிவிடுவர்.

மாலையிற் கரையேறியதும் வார்களை அவிழ்த்து, காற்றை வெளிவிட்டு, குழாய்களை உலர்த்திச் சுருட்டி எடுத்துச் செல்வர். நம் கட்டுமரக்காரர் மரங்களை வெயிலில் உலர்த்துவதும் இதுவும் ஒரே அறிவின் இருவேறு கிளைகளே. ஒன்று மற்றையதிலிருந்து பிறந்ததென்று நான் சொல்லவில்லை. தனித்தனி மிதவைகளைக் கட்டி ஒன்றாக்குதலும் தொழில் முடிந்தபின் அவிழ்த்துப் பிரித்தலும் வேண்டியவிடத்து மனிதன் எங்கும் கண்டறியும் முறை அது. ஆயினும் பொருளை நோக்கிப் பெயர் சூட்டுவதாயின், விரைவாற் புகழ்பெற்ற பெருங்கலத்தினும் இச்சிறு தெப்பத்துக்கே நம் சொல் தகும்.

இதில் நமக்கு ஒரு கடமை உண்டு. நம் கரைகளில் இன்று கண்ணாடியிழைப் படகுகளே பெருகியுள்ளன. மீனவரின் உழைப்பும் இடரும் குறையுமாயின் அம்மாற்றத்தை வெறுப்பதற்கில்லை. மரத்தையே கட்டிக்கொண்டு இருங்கள் என்று கரையில் நின்று சொல்வதற்கு நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் வரிந்து கட்டும் கை ஓயுமாயின், எந்த முடிச்சு எங்கே விழும், எக்கயிறு எதற்கு உதவும் என்னும் அறிவும் அவற்றின் பெயர்களும் உடன் மறையும். கரையோரப் பாடசாலைகளில் வினைத்தொகை கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊறுகாயோடும் சுடுசோற்றோடும் நின்றுவிடாது கட்டுமரத்தையும் எடுத்துக்காட்டுவார்களாக. மாணவரை அவர்தம் பாட்டனாரிடம் அனுப்பி, கட்டும் முறையைக் கண்டு, ஒவ்வொரு கட்டின் பெயரையும் எழுதிவரச் செய்வார்களாக. அது செய்யாதுவிடின் கட்டுமரம் என்னுஞ் சொல் அகராதியில் இருக்கும். ஆனால் முக்காலத்தில் இரண்டை இழந்து, கட்டிய மரம் என்னும் இறந்தகாலப் பொருள் ஒன்றே அதற்கு எஞ்சும்.