போல்ட்டை எவ்வளவு இறுக்குவது?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் பெருகுவதற்கான தடைக்காலம் அது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகளுக்கு மராமத்து நடைபெறும் காலமும் அதுவே. லாரி எஞ்சினைப் போன்ற டீசல் எஞ்சின்களைப் பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் பூட்டுகிறார்கள்.

பூட்டும்போது சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்குவது? ‘கை சொல்லும்’ என்பார் அனுபவமுள்ள மெக்கானிக். கை தவறிச் சொன்னால் ஹெட்டின் கீழுள்ள காஸ்கெட் கசியும், குளிர்நீர் கொதிக்கும், எஞ்சின் நின்றுவிடும். லாரியானால் சாலையோரம் நிறுத்தலாம். பாக் நீரிணையில் படகு காற்று தள்ளிய பக்கம் போகும். இந்தியாவும் இலங்கையும் 1974-இல் வகுத்துக்கொண்ட கடல் எல்லையை அப்படி மிதந்து தாண்டியவர்கள் கைதானதும் உண்டு.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோகிராம் அழுத்தம் உண்டாவதாகக் கொள்வோம். டீசல் எஞ்சினுக்கு இது மிகையன்று. சிலிண்டரின் விட்டம் 10 செ.மீ. என்றால் ஹெட்டை மேலே தள்ளும் விசை சுமார் 4,700 கிலோகிராம்! இதை எதிர்த்துப் பிடிப்பது எது? போல்ட் உண்மையில் விறைப்பான ஒரு சுருள்வில்லைப் போன்றது. இறுக்க இறுக்க அது மயிரிழையளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அந்த மீள்விசையே ஹெட்டை அமுக்கிப் பிடிக்கிறது. மீள்தன்மை எல்லையைத் தாண்டினால் போல்ட் நீண்டது நீண்டதுதான். மேலும் இறுக்கினால் அறுந்துவிடும்.

இந்த நீட்சியைப் பட்டறையில் அளப்பது கடினம். ஆகவே முறுக்கு விசையை அளக்கிறோம்; ‘டார்க்’ என்பது இதுதான். 30 செ.மீ. ஸ்பானரின் நுனியை 20 கிலோகிராம் விசையால் இழுத்தால் முறுக்கு விசை 6 கிலோகிராம்-மீட்டர். ஸ்பானரில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதே இழுப்பு 12 ஆகிவிடும். கைக்கு வேறுபாடு தெரியாது!

டார்க் ஸ்பானர் இருந்தாலும் ஒரு சங்கடம் உண்டு. நாம் தரும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மீதியை மரையிலும் போல்ட் தலையின் அடியிலும் உள்ள உராய்வு விழுங்கிவிடுகிறது. உப்புக்காற்றில் துருவேறிய மரையானால் முள் சரியான எண்ணைக் காட்டும், போல்ட்டோ தளர்ந்தே இருக்கும். மாறாக, உலர்ந்த மரைக்கென்று குறித்த அளவை எண்ணெய் பூசி இறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி நீளும். எனவே மரையைத் துலக்கி, உலர்வாகவா எண்ணெயிட்டா என்று கையேட்டைப் பார்ப்பது, விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிட முக்கியம் என்பேன்.

பொதுவாக நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் படிப்படியாக இறுக்க வேண்டும். புதிய எஞ்சின்கள் சிலவற்றில், குறித்த டார்க்குக்குப் பின் குறித்த கோணம் திருப்பச் சொல்வார்கள். அத்தகைய போல்ட்டுகள் பல, வேண்டுமென்றே மீள்தன்மை எல்லையைச் சற்றே தாண்டி நீட்டப்படுபவை. கழற்றினால் புதியவற்றையே போட வேண்டும்.